ஜெபிக்க முடியாத போதகரைப் பார்க்கக் கம்பைநல்லூருக்கு

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். வார நாட்களில் மனநல ஆலோசகர் வேலை, ஞாயிறு என் சபையில் பிரசங்கம் என்பது என் வழக்கம். இந்த ஞாயிறு கம்பைநல்லூரில் ஒரு சின்னச் சபை என்னை அழைத்திருந்தது. அங்குள்ள போதகர் சாமுவேலின் மனைவி கிரேஸ்தான் போன் செய்தார்.

"பிரசங்கம்னு சொல்லிட்டு வாங்கக்கா. அவரைப் பாக்கத்தான் கூப்புடறேன்."

"அவருக்குத் தெரியாம வேணாம். எதுக்கு வரேன்னு சொல்லிடுங்க" என்றேன். சொல்லிவிட்டார். சாமுவேலும் வரச் சொன்னார்.

தொப்பூர் கணவாயில் லாரிகள் ஊர்ந்தன. அதியமான்கோட்டை தாண்டித் தருமபுரி வந்ததும், பஸ் நிலையத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. பிறகு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. பக்கத்து சீட்டுப் பெண் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊருக்குங்க?"

"கம்பைநல்லூர் சர்ச்சுக்கு."

"ஆயரம்மாவா? ஆயரு சம்சாரமா?"

"ஆயரே நான்தாங்க."

மேலும் கீழும் பார்த்தார். "அப்ப வூட்டுக்காரரு?"

"ஸ்கூல் வாத்தியாரு."

"அதுஞ் செரிதான்" என்று சிரித்து, ஒரு கை வேர்க்கடலை அள்ளித் தந்தார். இருமத்தூரில் தென்பெண்ணைப் பாலத்தைக் கடக்கும்வரை இருவரும் தோலுரித்துக்கொண்டே வந்தோம். அதன்பின் வழியெல்லாம் தென்னையும் மரவள்ளியும்.

மாலை சாமுவேலும் நானும் ஆலயத்துக்குப் பின்னாலிருந்த வீட்டில் உட்கார்ந்தோம். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டை அவர்மேல் தொளதொளத்தது. பல மாதங்களாகச் சரியான தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றார்.

"தூக்கம் வராதவங்க தலையில கை வெச்சு ஜெபிக்கறவன் நானு. எனக்கே வரலைன்னா என்னாங்க அர்த்தம்? வாய் தன்னால ஜெபம் சொல்லுது. உள்ள ஒண்ணுமே இல்லைங்க."

நேராகவே கேட்டேன். "செத்துப் போயிடலாம்னு தோணுதாங்க?"

அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தோணுது. செய்ய மாட்டனுங்க. ஆனா தோணுது."

இது கிரேசுக்குத் தெரிய வேண்டும் என்றேன். அவரே மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். கிரேஸ் அழவில்லை, அவர் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவரைத் தனியாக விடுவதில்லை, திங்கட்கிழமை தருமபுரியில் மனநல மருத்துவரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

"நீங்க ஜெபம் பண்ண மாட்டீங்களா?" என்றார் சாமுவேல்.

"பண்றேன். டாக்டருக்குப் பதிலா இல்லை."

லேசாகச் சிரித்தார். உடனே முகம் மாறியது. "சபைக்குத் தெரிஞ்சா?"

"சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேர்போல வந்திருந்தார்கள். நான் பேசி முடித்து ஆசீர்வாதம் கூற எழுந்தபோது, சாமுவேல் முன்னால் வந்தார்.

"எனக்கு மனசு சரியில்லைங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். கொஞ்ச நாளைக்கு என்னால ஜெபம் நடத்த முடியாது. நீங்கதான் எனக்காக ஜெபிக்கணும்."

பெண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். மாதம்மாள், மரவள்ளிக் காடு வைத்திருப்பவர்.

"நானும் தருமபுரியில மனசுக்குத்தான் மாத்திரை வாங்கறனுங்க. நாலு வருசமாச்சு."

சாமுவேல் திகைத்தார். "என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா எனக்கு விசுவாசம் பத்தலைன்னு நெனச்சிருப்பீங்கல்லங்க?"

"ஆமாம்மா, நெனச்சிருப்பேன்" என்றார்.

"செரி வுடுங்க. நாளைக்கு நானும் கூட வரேன். எங்க சீட்டு வாங்கணும், எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும்."

மதியம் மூன்று மணிக்குத் திரும்பும் பஸ் கிடைத்தது. சேலத்தில் எங்கள் சபை இதைவிடப் பத்து மடங்கு பெரியது. என் ஆலோசனை அறையில் அழுதவர்கள் சிலர் அங்கே என்னைக் கண்டால் புதியவர்போல வணக்கம் சொல்வார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே சொல்வேன். மாதம்மாளைப் போல ஒருவர் அங்கே எழுந்து நிற்க இன்னும் எவ்வளவு காலமாகும் என்று யோசித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

திங்கள் மதியம் கிரேஸ் போன் செய்தார். "டாக்டரைப் பாத்துட்டோங்கக்கா. மாத்திரை குடுத்திருக்காங்க, ரெண்டு வாரங்கழிச்சு வரச் சொன்னாங்க. இப்ப ஓட்டல்ல சாப்புடறோம்." பின்னால் மாதம்மாளின் குரல் கேட்டது: "ஆயருக்கு இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க."

வேண்டாம் என்று சாமுவேல் சொல்லவில்லை.