ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பிரெஞ்சு ஆம்லெட்

போன ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு நான் சாப்பிட்டது என்ன என்று எனக்கே தெரியவில்லை. டிபனா? அது எட்டு மணிக்கே வீட்டில் ஆகிவிட்டது. நாலு இட்லி, ஒரு வடை. மதியச் சாப்பாடா? அதற்கு இன்னும் நேரம் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று... அதற்குப் பெயர் பிரன்ச்சாம்.

எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி ரோட்டை ஒட்டின தெருவில், ஒரு பக்கம் மெடிக்கல் ஷாப், இன்னொரு பக்கம் டூவீலர் மெக்கானிக், நடுவில் ஒரு பிரெஞ்சு பிஸ்ட்ரோ, அதாவது குட்டிச் சாப்பாட்டுக் கடை! மொத்தம் ஏழு டேபிள். கடைப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பல்செட் ஆடியது.

நடத்துகிறவர் ஸ்டெல்லா. பல்லாவரத்துப் பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஹோட்டல் கிச்சனில் பதினைந்து வருஷம் நின்றவர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் என் வீட்டுக்கு வந்தார்.

"அங்கிள், ஞாயித்துக்கிழமை பிரன்ச்சுக்கு வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லணும். என் ஆம்லெட்டைப் பாதிப் பேரு சூப்பர்ங்கிறாங்க, பாதிப் பேரு வேகலைங்கிறாங்க. எனக்கு மண்டை காயுது. கடையில தம்பியும் பார்ட்னர். பிரியாணிக் கடையா மாத்திடலாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அண்டாவே வாங்கிட்டான். இந்த ஞாயித்துக்கிழமையோட முடிவு பண்ணியாகணும்."

"நீ என்னம்மா நினைக்கிற?"

"பிரியாணி எனக்கும் நல்லாவே வரும் அங்கிள். ஆனா அதுக்கா பதினைஞ்சு வருஷம் கத்துகிட்டேன்?" என்றார்.

ஏன் என்னிடம் வந்தார்? இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன் (எனக்கும் ஆசைதான்). படிப்பு ஆறாம் கிளாஸ். மறைமலை நகரில் கம்பெனி வாசலில் டீக்கடை போட்டு, அப்புறம் மூன்று ஃபாக்டரிகளுக்கு கேன்டீன் நடத்தியவன் நான். ஸ்ட்ரைக் நடந்த நாளில்கூட என் உப்புமாவை எதிர்த்து ஒரு கோஷம் வந்ததில்லை. வேறு எந்த கேன்டீன்காரனாவது இப்படிச் சொல்லட்டும் பார்ப்போம்!

ஆக, ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் ஏழாம் டேபிளில் உட்கார்ந்தேன். மெனு கார்டில் முதல் அயிட்டமே பிரெஞ்சு டோஸ்ட். அட, முப்பது வருஷமாக நான் பாம்பே டோஸ்ட் என்று போட்டது! ரயில் மாறி பாரிஸ் போய் இறங்கியிருக்கிறது.

ஆம்லெட் வந்தது. வெளியே ஒரு கருகல் இல்லை. மஞ்சள் துணியை மடித்து வைத்த மாதிரி, நடுவில் இளக்கமாக. கூடவே பிறை மாதிரி வளைந்த ஒரு பன். க்ரோசான்ட்.

அஞ்சாம் டேபிளில் பாஸ்கரன் சார். பேங்க்கில் ஆபீஸராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் குரல் ரோடு வரைக்கும் கேட்டது.

"இது ஆம்லெட்டா சார்? உள்ள கொழகொழன்னு இருக்கு. அடுப்பைப் பத்த வச்சாங்களா இல்லையா? தொட்டுக்க ஒரு சட்னி உண்டா? சாஸ் கேட்டா, இதுக்கு சாஸ் கிடையாதாம்!"

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் ஹாஃப் பாயிலை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்கிற ஊர் இது. அதே முட்டை பிளேட்டில் வந்தால் மட்டும் வேகலை.

இரண்டாம் டேபிளில் ஐடி கம்பெனி ஜோடி ஒன்று. தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து இழுத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"செம அங்கிள்! அப்படியே பாரிஸ்ல சாப்பிட்ட மாதிரி."

"பாரிஸ் போயிருக்கீங்களாப்பா?"

"இல்ல அங்கிள். ரீல்ஸ்ல பாத்திருக்கோம்."

மூன்றாம் டேபிளில் ஸ்கூல் டீச்சரம்மா ஒருவர், குடும்பத்தோடு. அவருக்கும் வேகலைதான். பாஸ்கரன் சார் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார், இந்த பன் எப்படி?"

சும்மா இருப்பேனா? "சிங்கப்பூர் போயிருந்தப்ப தினம் காலையில இதான் சார். இது ஏ ஒன்!" என்றேன். ஸ்டெல்லாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.

விசாரணை முடிந்தது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுத் தீர்ப்பு சொன்னேன். "வேகலைங்கிறவங்கதாம்மா ஜாஸ்தி. ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டு நல்லா முறுகலா எடு. அதுக்கு மனசு வரலைன்னா... தம்பி சொல்றதைக் கேட்டுடு."

ஸ்டெல்லா ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே போனை எடுத்தார்.

நான் எழுந்தேன். டேபிளில் டிஷ்யூ இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் முள்கரண்டியில் சாப்பிட்டாலும் தண்ணீரில் கை கழுவினால்தானே நமக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்? குழாயைத் தேடிக் கொல்லைப்பக்கம் போனேன்.

அங்கே கஸ்தூரி தட்டு கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, இடுப்பில் செருகிய புடவை.

"இன்னா சார், வழி தப்பி வந்துட்டியா?"

"கை கழுவணும்மா."

"கழுவிக்கோ. இன்னா, உள்ள பஞ்சாயத்து முடிஞ்சிச்சா? அந்த அஞ்சாம் நம்பர் பெருசு இன்னிக்கும் கத்திகினு இருந்துச்சே!"

"அவருக்கு ஆம்லெட் வேகலையாம்."

கஸ்தூரி ஒரு தட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். "இந்தா, அந்தாளு தட்டு. ரொட்டியால வழிச்சித் துண்ணுகீறாரு. வாராவாரம் கத்துறாரு, வாராவாரம் வந்து வழிக்கிறாரு. எனக்கு இதுல கழுவ இன்னா கீது? டீச்சரம்மா தட்டும் இதே கததான்."

"அந்த போட்டோ எடுத்த ஜோடி?"

"அதான் இது. ஆளுக்கு ரெண்டு வாய். மீதி அப்டியே கீது. 'சூப்பர்க்கா'ன்னு டாட்டா காட்டிட்டுப் போச்சுங்க."

"இதை ஸ்டெல்லாகிட்ட சொல்லலையா நீ?"

"வர்றவன் போறவன் கிட்டல்லாம் கேக்குது. என்னாண்ட கேக்கலையே!"

எனக்குச் சுருக்கென்றது. கேன்டீன் நடத்தின காலத்தில் சாப்பிடுகிறவன் வாயை நான் பார்த்ததே கிடையாது. மூன்று ஷிப்ட்டும் தட்டு கழுவுகிற இடத்தில்தான் நிற்பேன். திரும்பி வருகிற தட்டுதான் எனக்கு ரிப்போர்ட். நாற்காலி போட்டு உட்கார வைத்து 'அங்கிள், நீங்க சொல்லுங்க' என்றதும் எல்லாம் மறந்துவிட்டது பாருங்கள்.

யோசித்தால், இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மறுபடி வரப்போகிறவன்தான் உட்கார்ந்து குறை சொல்வான். திரும்பி வரப்போகாதவனுக்கு எல்லாமே சூப்பர்தான்.

"ஆங்... இந்த ஏழாம் நம்பர் யாரு சார்?" கஸ்தூரி இன்னொரு தட்டைத் தூக்கினார். "பெரிய கில்லாடியா இருப்பான் போல. ரெண்டு கடி கடிச்சிட்டு, பன்னு மேல டிஷ்யூவப் போட்டு மூடி, அது பறக்காம இருக்க ஸ்பூனை வேற வெச்சிகீறான்."

"யாரோ" என்றேன். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

திரும்பும்போதுதான் கவனித்தேன். கஸ்தூரி நிற்கிற இடத்துக்கு எதிரே சின்னதாக ஒரு ஜன்னல். அதற்கு நேரே ஏழாம் டேபிள்.

உள்ளே ஸ்டெல்லா போனில், "சரிடா, நாளைக்கே போர்டைக் கழட்டிடலாம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"போனை வைம்மா! முதல்ல பின்னாடி போய்த் தட்டைப் பாரு. இது என் பழைய டெக்னிக். நானே கண்டுபிடிச்சது."

போனார். ஐந்து நிமிஷம் ஆளைக் காணோம். பின்பக்கம் கஸ்தூரியின் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வரும்போது ஏப்ரனை மறுபடி இறுக்கிக் கட்டியிருந்தார். தம்பிக்குத் திரும்பப் போன் போட்டார்.

"போர்டு இருக்கட்டும்டா. ஆம்லெட்டும் அப்படியே இருக்கட்டும். காரணமா? நேர்ல வா, காட்டுறேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "அங்கிள்... க்ரோசான்ட் ஏ ஒன்னா?"

"பல்செட்ல ஒட்டிக்கிதும்மா."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

எப்படிச் சொல்வது? பாஸ்கரன் சார் பக்கத்தில் அல்லவா இருந்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். பிரியாணிக்கு வாங்கின அண்டாவில் வெங்காய சூப் கொதிக்கிறது. பாஸ்கரன் சார் வழக்கம்போலக் கத்துகிறார். ஆம்லெட்டைப் பற்றி ஸ்டெல்லா இப்போது கஸ்தூரியைத் தவிர வேறு யாரையும் கேட்பதில்லை.

எல்லா டேபிளிலும் டிஷ்யூ இருக்கிறது. ஏழாம் டேபிளில் மட்டும் எடுத்துவிட்டார்கள்.