எந்த வெளிச்சத்தில் வெள்ளை?

பெண் பார்க்கப் போன அன்று நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சிரிக்கவில்லை. வாலாஜாபாத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் கேசரியை விழுங்கிக்கொண்டு, உதட்டை மூடியபடியே புன்னகைத்துச் சமாளித்தேன். என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. சின்ன வயதில் தருமபுரிப் பக்கம் இருந்தபோது வந்தவை, நாங்கள் மண்ணூருக்குக் குடிவந்தபோது கூடவே வந்துவிட்டன. பெண்ணுக்கு என்னைப் பிடித்திருப்பதாகச் செய்தி வந்ததும் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அவளுக்குப் பிடித்தது மூடிய வாய். கல்யாணத்துக்குள் பல்லை வெளுக்க வைக்காவிட்டால் மணமேடையில் குட்டு உடைந்துவிடும்.

மருந்து மாயம் வேண்டாம், இயற்கைதான் நல்லது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. எது இயற்கை என்பதில்தான் சண்டை. "ஆலும் வேலும் பல்லுக்கு உறுதிடா" என்று அம்மா வேப்பங்குச்சியை ஒடித்துக் கொடுத்தாள். உறுதி வேறு, வெள்ளை வேறு அல்லவா என்று கேட்டேன். கொடுத்த குச்சியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திருநெல்வேலிக்காரர். "உமிக்கரி போட்டுத் தேச்சுப் பாரும்வே, பளிச்சுன்னு ஆயிரும்" என்றார். கரியைப் பூசினால் எப்படி வெளுக்கும் என்று கேட்டதற்கு, பாத்திரம் வெளுக்குதா இல்லையா என்று திருப்பிக் கேட்டார். தேய்த்தேன். ஈறு ஓரமெல்லாம் கரி தங்கி, இருந்த கோடுகளுக்குக் கரை கட்டியதுதான் மிச்சம்.

போன் வீடியோவில் ஓர் அம்மா வாழைப்பழத் தோலின் உள்பக்கத்தைத் தேய்க்கச் சொன்னார். அடுத்த வீடியோவிலேயே ஒருவர் அதெல்லாம் சும்மா என்று சிரித்தார். அவருக்குப் பல் நன்றாக இருந்ததால் அவரை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. நல்லெண்ணெய் கொப்பளித்தேன். உப்பும் மஞ்சளும் வைத்துத் தேய்த்தேன். மஞ்சளைப் போக்க மஞ்சளா என்று அப்போது தோன்றவே இல்லை. கடைசியில் எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துப் போட்டேன். அது நுரைத்தது. நுரைக்கிறதென்றால் வேலை செய்கிறது என்று நினைத்துவிட்டேன்.

வெளுத்ததா இல்லையா என்பதே புரியவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. காலையில் வெள்ளையாகத் தெரிந்த பல் சாயங்காலம் பழுப்பாகத் தெரிந்தது. ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் நிறம் பார்ப்பதுதான் என் வேலை. அங்கே லைட் பூத் என்று ஒரு பெட்டி இருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் பல்பு என்று மாறும். இந்த நிறம்தான் சரி என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட தகட்டுக்கு மாஸ்டர் பேனல் என்று பெயர். பம்பரை அதன் பக்கத்தில் வைத்து, எல்லா வெளிச்சத்திலும் ஒன்றுபோல் இருந்தால்தான் பாஸ் போடுவோம். ஒருநாள் டீ பிரேக்கில் எல்லாரும் போன பிறகு, கையில் கண்ணாடியுடன் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டு ஈ என்று இளித்தேன்.

"இன்னா மச்சி பண்ணிக்கினு கீற?"

லைனில் என்னோடு வேலை செய்கிறவன் பின்னால் நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தால், தொழில் புத்தியோடு யோசித்தான்.

"அது சரி, மாஸ்டர் பேனல் எங்க? எந்த வெள்ளையோட மேட்ச் பண்ணுவ?"

எங்கள் லைனில் ஓடும் வெள்ளையே பலவகை. எந்த வெள்ளை எனக்கு வேண்டும்? என் பல்லோடு வைத்துப் பார் என்று சொல்லி அவனும் உள்ளே தலையை விட்டான். இத்தனை நாளாக வெள்ளை என்று நான் பொறாமைப்பட்ட பல், பகல் வெளிச்சத்தில் வெளிர் மஞ்சளாக இருந்தது. இரண்டு பேரும் தலையை வெளியே எடுத்தோம். அன்றைக்கு ஒரு பம்பரைப் பாஸ் போடவும் எனக்குக் கை வரவில்லை.

அதற்குள் பல் கூச ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் பல் டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இது மேல ஒட்டுன கறை இல்ல தம்பி. சின்ன வயசுல குடிச்ச தண்ணியால பல்லுலயே வந்தது. தேச்சா போவாது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சி மேல் பூச்சத்தான் கரைச்சிட்டீங்க. மொதல்ல கூச்சம் போவட்டும், அப்பறமா கோட்டுக்கு வைத்தியம் பாக்கலாம்." பெயிண்ட் ஷாப்காரனுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. நானே என் பம்பரின் பெயிண்டைத் தேய்த்து எடுத்திருந்தேன்.

அந்த வாரம்தான் வாலாஜாபாத்துப் பெண் போனில் கூப்பிட்டாள். அவளுக்குப் போன் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்குவதாகவும், கொஞ்சம் பேச வேண்டும் என்றும் சொன்னாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் நேராகவே கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க சிரிக்கவே இல்ல. வூட்ல கட்டாயப்படுத்துனாங்களா? என்னப் புடிச்சிருக்கா, இல்லியா?"

பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு முன் தைரியத்துக்கு ஒரு வாய் டீ குடித்தேன். சூடு நேரே முன்பல்லில் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்து, முகம் கோணலாகிவிட்டது. அவள் அந்த முகத்தைத்தான் பார்த்தாள்.

"புரிஞ்சிடுச்சி. எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இருங்க" என்று கத்திவிட்டு, பட்டப்பகலில், லாரிகள் போகும் ரோட்டோரத்தில், வாயை முழுசாகத் திறந்து காட்டினேன். டீ மாஸ்டரும் எட்டிப் பார்த்தார். அவள் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கா?"

"ஆமாங்க."

"இதுக்காவா வாயத் தொறக்கல? புடிக்காத பொண்ணக் கட்டிக்கப் போறாருன்னு நான் வூட்ல அழுதுக்கினு கீறேன்!" அவளுக்கு நிஜமாகவே கோபம். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. பிறகு அவள் மறுபடி உட்கார்ந்து, என் கிளாஸைத் தள்ளி வைத்தாள். "ஆறட்டும், அப்பறம் குடிங்க."

கல்யாணம் முடிந்து, ஆல்பம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஸ்டுடியோவுக்குப் போனோம். கம்ப்யூட்டரில் மாலையும் கழுத்துமாக ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். பல் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. இந்த வெள்ளைக்குத்தான் இவ்வளவு பாடுபட்டேனா என்று குழம்பிப் போய் நின்றேன்.

"யாருங்க இது?" என்று போட்டோகிராபரைக் கேட்டாள் அவள்.

"எல்லாருக்கும் ஒயிட் பண்ணித்தான் குடுப்போம் மேடம்."

"வேணாம். இவரு பல்லத் திருப்பிப் போடுங்க."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தக் கலருக்கு மேடம் போடணும்?"

அவள் என் தாடையைப் பிடித்து, டியூப்லைட் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இந்தாங்க, இதப் பாத்துப் போடுங்க."