புரட்டாசியில் அடங்கிய மீன்கழிவு அடுப்பு

கழிவிலிருந்து சமையல் எரிவாயு என்று இணையத்தில் வரும் வெற்றிக் கதைகளை நான் எளிதில் நம்புவதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், ஸ்டெல்லா என்பவர் தன் டிபன் கடை அடுப்பை மீன்கழிவு வாயுவிலேயே எரிக்கிறார் என்று உடன் வேலை செய்யும் தோழி சொன்னார். நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை கிளம்பினேன்.

தாம்பரத்தில் ஏழு மணிக்கு மேல் ரயில் ஏறினால் எட்டரைக்குள் செங்கல்பட்டு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய்.

"இன்னிக்கு மீன் வாங்கவா போறீங்க மேடம்? புரட்டாசில குப்பமே காத்தாடுது" என்றார் ஓட்டுநர். அதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

கடையில் நல்ல கூட்டம். ஸ்டெல்லா தோசைக்கல்லில் இருந்தார். பக்கத்துத் தெரு பூங்கொடியும் வந்திருந்தார். மூன்று வீடுகள் சேர்ந்தால்தான் இந்த வாயுவுக்கான புதுத் தொட்டிகள் கட்டித் தருவதாக மகளிர் குழு சொல்லியிருந்தது. இரண்டு வீடுகள் தயார், மூன்றாவது பூங்கொடி. அடுப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வதாக வந்திருந்தார்.

கொல்லையில் தொட்டியைப் பார்த்தேன். வாயு சேரச் சேர மேலே எழும்ப வேண்டிய டிரம் அடியோடு இறங்கிக் கிடந்தது. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி. உள்ளேயோ அடுப்பு சீறிக்கொண்டு எரிந்தது. ரப்பர் குழாயைத் தொடர்ந்து போனேன். சாக்குத் திரைக்குப் பின்னால் சிலிண்டர்.

"இது சிலிண்டர் காஸ்தானே?" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஸ்டெல்லா திரும்பவில்லை. தோசை கருகியது.

"இன்னா ஸ்டெல்லா, மீன் காஸுன்னு சொல்லி எங்களுக்குப் படம் காட்டிகினு கீறியா?" என்றார் பூங்கொடி. நாலைந்து பேர் சிரித்தார்கள். "எனக்கு இந்தத் தொட்டியெல்லாம் வேணாம்பா" என்று வெளியே போய்விட்டார்.

கூட்டம் குறைந்த பிறகுதான் ஸ்டெல்லா பேசினார். "நல்லாத்தான் எரிஞ்சுது மேடம். பத்து நாளாத்தான் பேஜாரு. எங்க வூட்டுக்காரரு வண்டில மீன் விக்கிறாரு. புரட்டாசில எவன் வாங்குறான்? மிஞ்சினதெல்லாம் தொட்டியில கொட்டிட்டாரு. நல்ல தீனின்னு நானும் வுட்டுட்டேன்."

எனக்கு உடனே விளங்கியது. நான் வேதியியல் படித்தவள். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆற்றலுக்குக் கார்பனும் உடல் வளர நைட்ரஜனும் வேண்டும். இருபது முப்பது பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் போதும். வைக்கோல் மட்டும் போட்டால் நைட்ரஜன் போதாமல் வேலை மந்தமாகும். மீன் மட்டும் போட்டால் மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாகி அதே உயிர்களை முடக்கும். மற்ற மாதங்களில் கடையின் பழைய சோறும் காய்த்தோலும் மீன்கழிவைச் சமன் செய்திருக்கின்றன. தொட்டியில் கோளாறு இல்லை. வீசிய நெடியே காரணத்தைச் சொன்னது. எனக்கோ சிலிண்டரைத் தேடும் அவசரம்.

மீனை நிறுத்தி, தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, பொடியாக நறுக்கிய வைக்கோலும் காய்த்தோலும் சிறிது சிறிதாகப் போடச் சொன்னேன். பிறகு பூங்கொடி வீட்டுக்கே போய் இதையெல்லாம் விளக்கினேன். முறத்திலிருந்து தலைநிமிராமல் கேட்டுக்கொண்டார்.

"இம்மாம் விசயம் தெரிஞ்சவங்க, அத்த அவளாண்ட தனியா கேட்டிருக்கலாமே. நாலு பேரு எதிர்ல இன்னாத்துக்கு?"

இரண்டு மணிப் பேருந்தைப் பிடித்தேன். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எதுவும் நினைவில் இல்லை.

ஐப்பசியில் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். டிரம் மேலே வந்துவிட்டதாம், காலை டிபன் முழுக்க அதில்தானாம். பூங்கொடி? "கூப்ட்டேன் மேடம். ஒரு தபா பாத்துட்டேன்னு சொல்லிச்சு." புதுத் தொட்டிகள் மூன்றும் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்குள் போனால் வெயில் தெரியாது. தோசை நன்றாக இருக்கும். பையில் இடமிருந்தால் காய்த்தோல் கொண்டு போங்கள், தொட்டிக்கு உதவும். தொட்டியைப் பற்றி எது வேண்டுமானாலும் ஸ்டெல்லாவிடம் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார். நான்தான் கேட்கவில்லை.