ஷட்டர் போட்ட வீடு

எங்கள் வீட்டுக்கு வாசற்கதவு கிடையாது. ஷட்டர்தான். நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது ரோட்டோரக் கடைகளை இடித்தார்கள். அந்த ஷட்டர்கள் பழைய இரும்பு விலைக்கு வந்தன. அப்பா ஒன்றை வாங்கி வந்து வீட்டின் முன்பக்கம் பொருத்தினார். கையில் காசு சேர்ந்ததும் மரக்கதவு போட்டுக்கொள்ளலாம் என்றார். சேரவில்லை. எங்கள் தெருவில் இப்படி இன்னும் சில வீடுகள் உண்டு.

அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. என் காது குத்துக்கு ஷட்டரை முழுவதும் ஏற்றிவிட்டு, உள்ளிருந்து தெருவரை ஒரே பந்தியாகப் போட்டாளாம். "எந்தப் பணக்காரன் வூட்டுக்கு இவ்ளோ பெரிய வாசல் இருக்குது?" என்று பின்னாளிலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் பெயர் சாலம்மாள். மாரண்டஹள்ளி மண்டிக்கு பஸ்ஸில் போய்த் தக்காளி தரம் பிரிப்பாள். கூலி வேலை. அப்பா மாதேஸ்வரன் லாரி ஓட்டினார். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து போய்விட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். நான் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு பொருளை அளக்காமல் அதைப் பற்றி எழுதினால் எங்கள் இடத்தில் வேலை போய்விடும். எங்கள் ஊர் பேரூராட்சியில் போகாது.

வீட்டு வரியை மறுபடி நிர்ணயிக்கிறோம் என்று கிளம்பியவர்கள் எங்கள் தெருவுக்கு ஒரு மதியம் வந்தார்கள். பைக்கை நிறுத்தினார்கள். இறங்கவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்நேரம் அம்மா மண்டியில் இருந்தாள். ஷட்டர் இறங்கியிருந்தது. வெளியே தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு கிடந்தன. ஒன்று அம்மா உட்கார. மற்றொன்றில் கோழி அடை காத்தது. படத்தில் கோழி தெரியவில்லை போலிருக்கிறது. கட்டடத்தின் பயன்பாடு 'வணிகம்' என்று பதிவாகிவிட்டது. வரி பல மடங்கானது.

அம்மா பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அன்று எனக்கு விடுமுறை. நானும் போனேன். வரி வசூலிக்கும் மாதவராஜ் கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஷட்டர் போட்டிருக்கீங்க இல்லீங்களா? ஷட்டர் இருந்தா கடைதானுங்க."

"என்ன கடைங்க தம்பி?"

"அது எங்களுக்குத் தேவையில்லீங்கம்மா. சிஸ்டத்துல கமர்ஷியல்னு ஏறிடுச்சு."

"கடைன்னு ஏத்துனவங்க சரக்கு என்னன்னும் ஏத்திடுங்க. வர்றவங்களுக்கு நான் எதை எடுத்துக் குடுக்கிறது? இருக்கிறது ஒரு கோழி. அதுவும் அடைக்கு உக்காந்திருக்குது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாதவராஜும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் கட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். அம்மா விடவில்லை.

"கட்டுனா கடைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் பாப்பா. வூடுன்னு எழுதிக் குடுக்கட்டும், அடுத்த பஸ்ஸுக்குப் போய் கட்டிட்டு வர்றேன்."

"அப்ப ஷட்டரை எடுத்துட்டுக் கதவு போட்டுடலாம்மா."

"அவங்க எழுதுனதுக்காக உங்கப்பன் மாட்டுனதைக் கழட்டுவனா?"

வரி பாக்கி ஏறியது. அபராதமும் சேர்ந்தது. ஒருநாள் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். கஷ்டப்படும் வீட்டு உரிமையாளர்களுக்குச் சிறப்பு முகாம், அபராதம் தள்ளுபடி, விதவைகளுக்கும் முதியவர்களுக்கும் முன்னுரிமை. அம்மா துவைத்த சேலை கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். மேஜைக்குப் பின்னால் மாதவராஜ்.

"இது வூட்டுக்காரங்களுக்கு மட்டுங்கம்மா. கடைக்குக் கெடையாது."

"நான் அங்க படுத்து எந்திரிக்கிறேன் சாமி."

"அப்படீன்னா ஆய்வு பண்ணித்தான் மாத்த முடியும். ஆள் அனுப்பறோம். நீங்க வெளிய எங்கியும் போகாம இருங்க."

அம்மா போகாமல் இருந்தாள். கூலி போனது. மண்டியில் அவள் இடத்துக்கு வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். வாரம் முழுவதும் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை, இடம் அடியோடு போய்விடுமோ என்று பயந்து வேலைக்குப் போனாள். அன்றுதான் வந்தார்கள். எதிர்வீட்டு மணிமேகலை அக்கா ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்: "மண்டிக்குப் போயிருக்குதுங்க, சாயங்காலம் வந்துரும்." கேட்டுக்கொண்டார்கள். எழுதிக்கொண்டது வேறு. 'கடை மூடப்பட்டிருந்தது.'

இந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்துவிட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகாத மனிதர் அந்த அலுவலகத்தில் யார்? அன்று அவர்கள் வீடும் மூடித்தான் இருந்திருக்கும். அதைக் கடை என்று யாராவது எழுதினார்களா?

கோடை தொடங்கியபோது பாக்கிக்காகக் குடிநீர் இணைப்பைத் துண்டித்தார்கள். துண்டிக்க வந்தவர் கடைக்குள் இருந்த அடுப்பையும் கட்டிலையும் தாண்டித்தான் குழாய் வரைக்கும் போனார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாளாம். அதன் பிறகு தெருமுனைக் குழாயிலிருந்து குடம் சுமந்தாள்.

அப்புறம் அம்மா ஒரு காரியம் செய்தாள். ஷட்டரை இறக்குவதை நிறுத்தினாள்.

அவர்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாது. வரும்போது மூடியிருக்கக் கூடாது. மண்டிக்குக் கிளம்பும்போதும் ஏற்றியே வைத்துவிட்டு, "ஒரு கண்ணு பாத்துக்க மணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்ததும் தெரு பார்க்கச் சமைத்தாள், தெரு பார்க்கச் சாப்பிட்டாள். துணி மாற்றக் கட்டிலைச் சாய்த்துவைத்து அதன் மறைவில் நின்றாள். தூங்கப் போகும்போதுதான் இறக்குவாள். விடிவதற்குள் மறுபடி ஏற்றிவிடுவாள். தன் வீட்டில் தான் குடியிருப்பதை நிரூபிக்க ஒரு பெண் மாதக்கணக்கில் தெருவுக்கு முன்னால் வாழ்ந்தாள்.

மணிமேகலை அக்கா கேலி செய்வார். "என்னக்கா, படம் ஓட்றியா? டிக்கெட் எவ்ளோ?"

"உனக்கு இலவசம். பேரூராட்சிக்காரனுக்குத்தான் டிக்கெட். அவன்தான் வர மாட்டேங்கிறான்."

மார்கழியில் எங்கள் பக்கம் பனி கடுமையாக இறங்கும். அம்மாவுக்கு இருமல் வந்தது. போனில் நான் திட்டினேன். கதவைச் சாத்தும்மா என்றேன். கதவு ஏது, என்று சிரித்தாள். காய்ச்சல் கண்டு மண்டிக்குப் போக முடியாமல் கட்டிலில் படுத்த நாளிலும் ஷட்டர் ஏறியே இருந்தது. மணிமேகலை அக்கா இறக்கப் போயிருக்கிறார். அம்மா தடுத்திருக்கிறாள்.

"இன்னிக்குத்தான் நான் நாள் பூரா வூட்ல இருக்கிறேன். வந்தாங்கன்னா படுத்திருக்கிறதைப் பாத்துட்டுப் போவட்டும்."

நான் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். பிழைக்கவில்லை. பனிதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதுவும் ஒன்று, உடம்பு ஏற்கெனவே இளைத்திருந்தது என்றார். நேர்மையான பதில். நான் அதற்கு மேல் எதையும் சேர்த்து எழுதவில்லை.

அம்மாவைக் கிடத்தியிருந்த அன்றும் ஷட்டர் முழுவதும் ஏறியிருந்தது. ஊரே பார்த்தது. ஆய்வுக்கு யாரும் வரவில்லை.

காரியம் முடிந்ததும் ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மாதவராஜ் எழுந்து நின்றார்.

"அம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டனுங்க. தமாசா பேசுவாங்க. இப்ப அங்க யாரு இருக்கிறாங்க மேடம்?"

"யாரும் இல்ல. பூட்டியிருக்கு."

"அப்ப ஒண்ணு செய்யுங்க." குரலைத் தாழ்த்தினார். உண்மையாகவே உதவ நினைத்தார். "காலியாக் கெடக்குதுன்னு ஒரு மனு எழுதிக் குடுத்துடுங்க. பூட்டிக் கெடக்கிற கட்டடத்துக்குச் சலுகை இருக்குதுங்க. நல்லாக் கொறையும்."

இருந்தவளுக்குக் கிடைக்காத சலுகை பூட்டுக்குக் கிடைக்கிறது. அம்மா செய்ய வேண்டியிருந்ததெல்லாம் சாவதுதான்.

"ஆய்வுக்கு வாங்க" என்றேன்.

"டேட் போட்டுச் சொல்றோங்க மேடம்."

"எங்கம்மாவுக்குப் போட்ட டேட் மாதிரியா? இப்ப வாங்க."

"வரிசையில ஆளுங்க நிக்கிறாங்க பாருங்க."

வரிசையிலிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "நீ போயிட்டு வா சாமி. நாங்க எங்க போயிடப் போறோம்? தினம் இங்கதான நிக்கிறோம்."

அவர் பைக்கில் வந்தார். நான் முன்னாலேயே பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தேன். பூட்டைத் திறந்து ஷட்டரை ஏற்றினேன். சத்தம் கேட்டு மணிமேகலை அக்கா வெளியே வந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, மூலையில் காலிக் குடங்கள், சுவரில் அப்பா படம். பக்கத்தில் புதிதாக அம்மா படம்.

மாதவராஜ் பைக்கிலிருந்து இறங்கினார். ஷட்டர் அருகே நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே காலை வைத்தார்.

"செருப்பை எதுக்குங்க கழட்டுனீங்க?" என்றேன்.

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"தெருமுனையில மளிகைக் கடை இருக்கு. அங்க செருப்போடதான போவீங்க?"

"இல்லீங்க மேடம்... வூட்டுக்குள்ள..."

நிறுத்திக்கொண்டார். மணிமேகலை அக்கா விடவில்லை.

"சொல்லுங்க சார். வூட்டுக்குள்ள? முழுசாச் சொல்லுங்க. அந்த ஒத்த வார்த்தைக்குத்தான் ஒருத்தி பனியில கெடந்தா."

அவர் முகம் கறுத்தது. கட்டிலையும் அடுப்பையும் படம் எடுத்தார். அம்மா படத்தின் பக்கம் போனைத் திருப்பவில்லை. அங்கேயே நின்று பேனாவை எடுத்து எழுதினார். 'குடியிருப்பு.' எழுதியதை என்னிடம் காட்டினார்.

சில வாரங்களில் ஆணை வந்தது. கட்டடம் குடியிருப்பாக வகை மாற்றம் செய்யப்படுகிறது. மாற்றம் ஆய்வு நடந்த நாளிலிருந்து செல்லும். அதற்கு முந்தைய காலத்துக்கு வணிக வரியும் அபராதமும் அப்படியே நிற்கும்.

அதாவது, நான் பூட்டி வைத்திருந்த கட்டடம் வீடு. அம்மா சமைத்துச் சாப்பிட்டு இருமிக்கொண்டு படுத்திருந்த கட்டடம் கடை.

மேல்முறையீடு செய்திருக்கிறேன். பாக்கியைக் கட்டும் அளவுக்கு எனக்குச் சம்பளம் வருகிறது. கட்டவில்லை. அம்மா இருந்த காலத்துக்கும் வீடு என்று எழுதிக் கொடுக்கட்டும், அடுத்த பஸ்ஸுக்குப் போய்க் கட்டிவிட்டு வருகிறேன். அதுவரை ஞாயிறுதோறும் ஊருக்குப் போகிறேன். தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, ஷட்டரை முழுவதும் ஏற்றிவைத்துவிட்டுச் சமைக்கிறேன்.