படகு மூழ்கினால்

திருப்பாலைக்குடித் தபால்காரருக்குக் குமாஸ்தா பரீட்சைக்காக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். ஒல்லியான மனிதர். பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார்.

“இஃப் தி போட் வேர் டு சிங்க்,” என்றேன். படகு மூழ்கினால் என்று அர்த்தமும் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை.

“தம்பி கடலுக்குப் போயிருக்கான் சார். வாயில வர மாட்டேங்குது.”

“அந்த ‘வேர்’ வந்தாலே நடக்காத விஷயம்னுதான் அர்த்தம்.”

“அது கடலுக்குத் தெரியுமா சார்?”

பரீட்சையில் தோற்றுவிடுவீர்கள் என்று மிரட்டிச் சொல்லவைத்தேன். சொன்னதும் எழுந்து கரைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய், கரைக்குத் திரும்பியிருந்த படகுகளை எண்ணினேன். பத்தொன்பது. தம்பியின் படகைக் காணோம். இருட்டும் நேரத்தில்தான் இருபதாவதாக அது வந்தது.

பொத்தானை விட்டுவிட்டு, “நாளைக்கும் பாடம் உண்டுல்ல சார்?” என்றார்.

“உண்டு,” என்றேன், என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே.