குழியில் நட்ட வேப்பங்கிளை

நகராட்சி அலுவலகத்தில் நான் சந்தித்த அந்தத் தமிழர், வழவழப்பான தரையைக்கூடக் காலால் தட்டிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பார். சரோஜினி நகரில் மூடியில்லாத சாக்கடைக் குழியில் விழுந்து வலக்கை முறிந்து, இழப்பீடு கேட்டு வந்திருந்தார். இன்னொருவர் விழக்கூடாதென்று மறுநாளே அதில் வேப்பங்கிளை நட்டு, சிவப்புத் துணியும் கட்டியிருக்கிறார். அவர் கொடுத்த படத்தில் அதைப் பார்த்த அதிகாரி, எச்சரிக்கை இருந்திருக்கிறதே என்று மனுவைத் தள்ளிவிட்டார்.

“கிளைய எடுத்துட்டு வேற போட்டோ எடுத்துடலாம் அங்கிள், ஜல்தி!” என்று துள்ளினேன்.

“அதுக்குள்ள எவனாவது விழுந்தா?”

“அரை நிமிஷம்தான் அங்கிள்!”

“நான் விழ அதுகூட ஆகலைப்பா.”

கடைசியில் எப்படியோ சம்மதித்தார். ஞாயிறு காலை, பனிமூட்டத்தில் தெருவே மிதந்துகொண்டிருந்தது. இடக்கையால் கிளையைப் பிடுங்கிக்கொண்டு விலகி நின்றார். நான் போனை உயர்த்தியபோது, வெண்மைக்குள் எங்கோ சைக்கிள் மணி ஒலித்தது.

“பையா, ருக்கோ!” என்று சைக்கிள்காரரை நிற்கச் சொல்லி இந்தியில் கத்தினார்.

அன்றுதான் அவர் தரையைத் தட்டிப் பார்க்காமல் ஓடினார்.

என் போனில் இருக்கும் படத்தில் குழியே தெரியவில்லை. அதை மறைத்துக்கொண்டு, கிளையை உயர்த்திப் பிடித்தபடி அவர் நிற்கிறார். எந்த அதிகாரியிடமும் அதைக் காட்ட முடியாது. அழிக்கத்தான் மனம் வரவில்லை.