அடியில் நின்ற மண்டி

காஞ்சிபுரம் பயணியர் விடுதி. பட்டு வாங்க வந்த இரண்டு பிரெஞ்சு கூட்டாளிகளுக்கு நான் மொழிபெயர்ப்பாளன். பகலெல்லாம் தறி வீடுகளில் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. இப்போது அவர்கள் மதுவிலக்குக்குப் பெர்மிட் வாங்கிக் கொண்டுவந்த போர்தோ சிவப்பு ஒயினை ருசி பார்த்துக்கொண்டே சண்டை போடுகிறார்கள்.

“கரடுமுரடாக இருக்கிறது, இன்னும் பத்து வருஷம் முதிரவேண்டும்” என்கிறார் ஒருவர்.

“கலங்கிவிட்டது, இதன் காலம் முடிந்தது” என்கிறார் மற்றவர். கூட்டு வியாபாரமே உடைந்துவிடும் போலிருக்கிறது. எனக்கு ஊற்றித் தந்ததைக் குடித்தால் நாக்கில் பொடிமண்தான் நெருடுகிறது.

விடுதிக் காவலாளி என் காதருகே குனிகிறார். “இன்னாத்துக்கு சார் சண்ட? பாட்டில் அடியில மண்டி நின்னுக்கினு இருந்துச்சு. ஆஸ்பத்திரி மருந்தாட்டம் நல்லா குலுக்கித்தான் எடுத்தாந்தேன்.”

இருவரும் பேச்சை நிறுத்துகிறார்கள். “என்ன சொல்கிறார்?”

“சாப்பாடு தயாராம்” என்கிறேன்.